அப்பாவின் கொம்பியூட்டர்

ஒக்லாந்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வருடத்துக்கு ஒருதடவை நகரசபையில் பதிவு செய்தால், வீட்டில் கிடக்கிற பெரிய கழிவுச் சாமான்களை லொறியில் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இன்ஓர்கானிக் கலெக்‌ஷன் என்று பெயர். போன வருடம் எங்கள் முறை வந்தபோது மனைவி பட்டியல் போட்டா: உடைந்த ஹீற்றர், கால் ஆடுகிற கதிரை இரண்டு, மகள் வளர்ந்து விட்ட சைக்கிள், கடைசியாக "கராஜ் மூலையில கிடக்கிற அந்தப் பெட்டி".

அந்தப் பெட்டி அப்பாவின் கொம்பியூட்டர். 1999இல் வாங்கியது. பென்டியம் 2, 64 எம்பி நினைவகம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. நாங்கள் நியூசிலாந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் ஒழுங்கான சோபா கிடையாது. அந்த நேரத்தில் இவ்வளவு காசு குடுத்து இதை ஏன் வாங்கினார் என்று அம்மா கனகாலம் குறைப்பட்டுக்கொண்டே இருந்தா. எனக்கு அப்போது பத்து வயது. எனக்காகத்தான் வாங்கினார் என்று நான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டியலைக் கேட்டுவிட்டு அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அதை எறியாதை தம்பி. அதுக்குள்ளை கடிதம் கிடக்கு."

"என்ன கடிதம் அப்பா?"

"அம்மாவுக்கு எழுதினது."

அப்பம்மா மீசாலையில் இருந்தா. கண்ணில் வெண்புரை. அப்பாவின் கையெழுத்தோ, அவரே ஒத்துக்கொள்வார், டொக்டர்மாரின் கையெழுத்தை விட மோசம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து வாசித்துக் காட்டும்வரை அப்பம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாவாம். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் அப்பா கொம்பியூட்டர் வாங்கியிருக்கிறார். தெரிந்த ஒருவரிடம் பிளொப்பியில் பாமினி எழுத்துரு வாங்கி, வேர்ட்பாட்டில் ஒரு விரலால் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரி மட்டும் வருகிற மாதிரி அச்செடுத்து அனுப்பியிருக்கிறார். அப்பம்மா தானே வாசித்திருக்கிறா.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு விழுந்து, மே மாதம் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரியும் சுற்றுவட்டாரமும் என்ன ஆனது என்று இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பம்மா உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டா. அலுமாரியும் கடிதங்களும் வீட்டோடு போய்விட்டன. 2007இல் அப்பம்மாவும் போய்விட்டா. ஆகவே அந்தக் கடிதங்கள் உலகத்திலே இருக்கிற ஒரே இடம் எங்கள் கராஜ் மூலை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மேற்படிப்பும் அதில்தான். அப்படியிருந்தும் அன்று பின்னேரம் நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெட்டியைத் தூசு தட்டி, மின்சாரத்தைக் குடுத்து, சுவிச்சைப் போட்டேன். அவ்வளவுதான். வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று விளங்கும். உள்ளே கண்ணாடி போல மினுங்குகிற தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். அதற்கு மேல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், காற்று மெத்தையில் மிதந்துகொண்டு வாசிக்கும் முனை ஓடும். பழைய டிஸ்குகளில் சுற்றும் அச்சில் சின்னச் சின்ன உருளைக் குண்டுகள். அவற்றின் மசகு வருடக்கணக்கில் காய்ந்துவிடும். டிஸ்க் முழுக்க மூடிய பெட்டியும் இல்லை. மூச்சு விட ஒரு சின்னத் துளையும் அதற்கு வடிகட்டியும் உண்டு. ஒக்லாந்துக் கராஜின் ஈரம் இருபது வருடமாக அதற்குள் போய் வந்திருக்கும். இப்படிப்பட்ட ஒன்றை எழுப்பினால் ஒரு தடவை ஓடலாம், இரண்டு தடவை ஓடலாம். எது கடைசித் தடவை என்று அது சொல்லாது.

என்னுடையது ஓடியது. கிரைண்டரில் உளுந்து போடாமல் ஓட்டின மாதிரி ஒரு சத்தம். நீலத் திரை வந்தது: போனமுறை ஒழுங்காக நிறுத்தவில்லை, அதனால் ஸ்கான்டிஸ்க் ஓடப்போகிறது. ஓடட்டும் என்று விட்டேன். இதுதான் இரண்டாவது மடைத்தனம். ஸ்கான்டிஸ்க் வாசிப்பதோடு நிற்காது, எழுதும். அநாதையாகக் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கிப் புதுப் பெயர் குடுத்து சேமிக்கும். சாகக் கிடக்கிறவரை எழுப்பி வீடு கூட்டச் சொன்ன கதை. 38 சதவீதத்தில் நின்றது. பிறகு டிக், டிக், டிக் என்று ஒரே தாளம்.

பின்னுக்கு வந்து நின்ற அப்பா கேட்டார், "எல்லாம் போட்டுதே?"

மின்சாரத்தைப் பிடுங்கினேன். இரண்டு நாள் தொடவில்லை.

இந்த இரண்டு நாளில் இணையத்தில் ஆயிரம் யோசனை கிடைத்தது. டிஸ்கை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுகிற ஆட்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டுகளில் பனித்துளி பிடித்தால் கதை முடிந்தது. டிஸ்கின் மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான்.

சரியான வழி கொஞ்சம் சலிப்பான வழி. டிஸ்கைக் கழற்றி, லினக்ஸ் ஓடுகிற இன்னொரு கொம்பியூட்டரில் பூட்டி, அதன் மேல் எதையும் எழுதாமல், முழு டிஸ்கையும் அப்படியே ஒரு கோப்பாகப் பிரதி எடுக்கவேண்டும். இதற்கு டிடிரெஸ்கியூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் புத்தி எனக்குப் பிடிக்கும். மக்கர் பண்ணுகிற இடத்தில் நின்று மல்லுக்கட்டாது. லேசாக வருகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு போய்விடும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு கணக்குப் புத்தகம் எழுதி வைத்துக்கொண்டு, கடைசியில்தான் வராத இடங்களுக்குத் திரும்பிப் போய்த் தட்டிப் பார்க்கும். இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினேன். காலையில் 4.3 ஜிபியில் ஏறக்குறைய எல்லாம் வந்திருந்தது. இன்னும் இரண்டு இரவு தட்டிய பிறகும் வராமல் நின்றது 90 கேபி அளவு. அதன்பின் அந்த டிஸ்க் சுற்றவேயில்லை.

இனித்தான் எனக்கே ஆச்சரியமான விஷயம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம்! உண்மையில் அதில் தமிழே கிடையாது. கொம்பியூட்டரைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்து. அதற்கு மேல் தமிழ் உருவத்தைச் சட்டை போலப் போட்டுவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எம் என்ற விசையில் ‘அ’, கே என்ற விசையில் ‘ம’, எச் என்ற விசையில் அரவு. அரைப்புள்ளி விசையில்தான் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் குப்பை. தேடினால் கிடைக்காது, மின்னஞ்சலில் அனுப்பினால் மற்றவருக்கு வாசிக்க முடியாது.

ஆனால் இடிந்த டிஸ்கிலிருந்து கடிதம் தேடுகிறவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. கோப்புகளின் பெயர்ப்பட்டியல் சிதைந்திருந்தது, பாதி திறக்கவில்லை. நான் கோப்புகளை விட்டுவிட்டு முழு டிஸ்கின் பிரதியிலும் சாதாரண ஆங்கில எழுத்துகளைத் தேடுகிற மாதிரித் தேடினேன். அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் எப்படித் தொடங்குவார் என்று தெரியும். ‘அன்புள்ள அம்மா’. பாமினியில் எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ், ஓர் இடைவெளி, பிறகு அம்மா. இந்த வரிசை டிஸ்கில் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு கட்டளை.

61 இடத்தில் இருந்தது.

சிலது ஒரே கடிதத்தின் இரண்டு மூன்று பிரதி. சிலது அப்பா எழுதி, பிடிக்காமல் அழித்தது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஒன்றை அழித்தால் பெயரைத்தான் அழிப்பார்கள். வேறு ஒன்று அதன் மேல் எழுதப்படும்வரை உள்ளே கிடப்பது அப்படியே கிடக்கும். இன்றைய எஸ்எஸ்டியில் இந்த அதிர்ஷ்டம் பெரும்பாலும் கிடையாது. அழித்த இடத்தைக் காலி என்று இயக்க முறைமை டிஸ்குக்குச் சொல்லிவிடும், அது ஓய்வு நேரத்தில் துடைத்து வைத்துவிடும். அந்தக் கட்டளைக்கு ட்ரிம் என்று பெயர். அப்பா இப்போதைய மடிக்கணினியில் எழுதியிருந்தால், அவர் வேண்டாமென்று விட்ட கடிதங்கள் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது. கிடைத்தது நல்லதா என்பது வேறு கேள்வி. அழித்தவற்றைத் திறக்கும் முன் அப்பாவிடம் கேட்டேன். "இனி என்ன, பார்" என்றார்.

எல்லாம் கழித்து 43 கடிதம்.

அவற்றை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. எனக்குச் சொந்தமாக எழுத ஆசை. ஒரு சிக்கல் மட்டும் சுவையானது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிப்பார்கள்: ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. அப்பா அவசரத்தில் கொம்பை இரண்டு தடவை அடித்த இடமெல்லாம் என் நிரல் தடுக்கி விழுந்தது.

இதற்கு முன்னும் எங்கள் ஆட்கள் இந்த வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர், ஏடுகள் தொட்ட இடத்தில் நொறுங்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொண்டுபோனார். 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் ஓர் எழுத்துருவிலிருந்து திஸ்கிக்கு, அதிலிருந்து யூனிகோடுக்கு என்று வீடு மாறித்தான் இன்றைக்கு எங்கள் தொலைபேசியில் திறக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துப் பிரசுரங்களை இப்படிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் கடிதம் கலித்தொகை இல்லைத்தான். ஆனால் ஏடு என்றாலும் டிஸ்க் என்றாலும் நொறுங்கும் முன் படி எடுக்க ஓர் ஆள் வேண்டும்.

கடிதம் எல்லாம் வந்துவிட்டது, இனிப் பெட்டியை எறியலாம்தானே என்று மனைவி கேட்டா. நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார், "எனக்கு அதிலைதான் அடிக்கத் தெரியும்." புதுக் கணினியில் தமிழ் விசைப்பலகை போட்டுக் குடுத்திருக்கிறேன், தொலைபேசியில் வாயால் சொன்னால் எழுதும் என்று காட்டியிருக்கிறேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடுவார். நான்கு வருடமாக அவர் தமிழில் ஒரு வரி எழுதவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே டிஸ்கை மாற்றிப் பெட்டியைத் திரும்ப ஓட வைப்பது என்று முடிவு. பழைய ஐடிஇ டிஸ்குக்குப் பதில் போட ஆகச் சுலபமானது, பழைய கமராக்களில் வந்த கொம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை. அந்த அட்டை ஐடிஇ பேசுகிற அதே பாஷையைத்தான் பேசும். அதனால் நடுவில் மொழிபெயர்க்கிற சிப் தேவையில்லை. 40 ஊசி பொருந்துகிற ஒரு வெறும் இணைப்புத் தட்டு போதும். சில டொலர்தான்.

முதலில் நான் ஆசைப்பட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை ஒரு மாற்றியோடு பூட்டினேன். கொம்பியூட்டர் டிஸ்கை எண்ணும் இடத்திலேயே உறைந்து நின்றது. அந்தக் காலத்து பயாஸ் பலவற்றுக்கு 33.8 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. இன்னும் பழையதென்றால் 8.4 ஜிபி, அதற்கும் முந்தியது 528 எம்பி. 8 ஜிபி அட்டை போட்டதும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. டிடிரெஸ்கியூ எடுத்த பிரதியை அட்டையில் எழுதி, பயாஸில் டிஸ்க் அமைப்பை எல்பிஏ என்று மாற்றி, பிளொப்பியிலிருந்து துவக்கக் கோப்புகளைத் திரும்பப் போட்டேன். நினைவகத்தை 256 எம்பி ஆக்கினேன். நினைவகம் போதாவிட்டால் விண்டோஸ் 98 ஓயாமல் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். ஃப்ளாஷுக்கு எழுதி எழுதித்தான் தேய்மானம்.

இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் அப்பா அம்மாவின் படங்களை அட்டையில் போட்டு லாச்சியில் பூட்டி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம். ஃப்ளாஷ் என்பது சின்னச் சின்ன அறைகளில் அடைத்த மின்னூட்டம். மின்சாரமில்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். எழுதித் தேய்ந்து முடிந்த சாதாரண எஸ்எஸ்டி 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் தொழில்துறையின் தரநிலை. புதியது அதைவிட எத்தனையோ மடங்கு தாங்கும். ஆனாலும் எங்கள் 43 கடிதமும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: என் கணினியில், சிட்னியில் அக்கா வீட்டில், தாளில். தாளில் அப்பம்மாவுக்கு அனுப்பின அதே பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். இப்போது அப்பாவுக்கும் அந்த அளவு தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் பழைய டிஸ்க் கிடந்தால், என்னைப் போலச் சுவிச்சைப் போட்டுப் பார்க்காமல், முதல் தடவையே பிரதி எடுக்கிற ஆயத்தத்தோடு பூட்டுங்கள்.

கொம்பியூட்டரை அப்பாவின் அறையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் காதைக் குடுத்துக் கேட்டார்.

"இது ஓடேல்லை."

"ஓடுது அப்பா. திரையைப் பாருங்கோ."

"சத்தம் வரேல்லையே."

டிஸ்க் கரகரத்தால்தான் கடிதம் சேமிக்கப்பட்டது என்று அவருக்கு நம்பிக்கை. முந்தி அந்தச் சத்தம் நிற்கும்வரை என்னை மேசைக்குக் கிட்ட விடமாட்டார். அரைமணி நேரத்தில் நாலு தடவை சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பார்த்த பிறகுதான் சமாதானமானார்.

வராமல் போன 90 கேபியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் பெரும்பகுதி விண்டோஸின் ஏதோ கோப்பு, யாருக்கும் நட்டமில்லை. ஒரு துண்டு மட்டும் கடிதம். 14.5.2000 என்று திகதி போட்டது, அனுப்பாத கடிதம். அப்பம்மா எங்கே இருக்கிறா என்றே தெரியாத கிழமை அது; எந்த விலாசத்துக்கு அனுப்புவது? ஸ்கான்டிஸ்க் பொறுக்கி வைத்த துண்டு ஒன்றுக்குள் அதன் முதல் பாதி கிடந்தது. நான் அன்று சுவிச்சைப் போடாமல் விட்டிருந்தால் மற்றப் பாதியும் வந்திருக்குமோ தெரியாது. அந்த யோசனையோடுதான் இருக்கிறேன்.

முதல் பாதியில் அப்பா சண்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குளிர் தொடங்கிவிட்டது என்கிறார். மாமரம் இந்த முறை காய்த்ததா என்று கேட்கிறார். பிறகு என்னைப் பற்றி: தம்பி வீட்டிலையும் இப்ப இங்கிலீசிலைதான் பதில் சொல்லுறான், நான் தமிழிலை கேட்டால் அவன் இங்கிலீசிலை சொல்லுறான், அடிக்கவும் மனம் வரேல்லை, அம்மா, நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தால். அதற்குப் பிறகு வெறும் பூச்சியங்கள்.

எனக்கு அந்த வருடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சரியாகச் சொல்லாத பிள்ளைகளுக்கு நடுவில், வீட்டிலும் தமிழ் கதைத்தால் தோற்றுப்போய்விடுவேன் என்று நினைத்த வருடம். அப்பா ஒன்றுமே சொன்னதில்லை. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் காரில் இருப்பார். கவலைப்பட்டார் என்றே எனக்குத் தெரியாது. இன்றைக்கு என் மகளிடம் நான் தமிழில் கேட்கிறேன், அவள் இங்கிலீசில் சொல்கிறாள். யாருக்கு எழுதுவது?

"மிச்சத்திலை என்ன எழுதினீங்கள் அப்பா?"

"ஞாபகமில்லை." கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கடிதத்தைத் திற பாப்பம்" என்றார்.

திறந்து குடுத்துவிட்டு நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது, அறுந்த வரிக்குக் கீழே அப்பா அடித்துக்கொண்டிருந்தார். ஒரு விரல்தான், ஆனால் அரைப்புள்ளி எங்கே என்று அவர் தேடவில்லை. மகள் கதிரையின் கையில் ஏறி இருந்து, ஆங்கில எழுத்தை அமத்தத் தமிழ் எழுத்து வருவதை ஏதோ மந்திரவித்தை போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிகோட், ஒழுங்கான விசைப்பலகை என்று அவளுக்கு நான் போட்டு வைத்த திட்டமெல்லாம் அன்றே பாழ்.

"அப்பப்பா, ழானா எங்க?"

"ஓவிலை கிடக்கு பிள்ளை. அமத்து."